101-100ஐ எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து அணி அபுதாபியில் செர்பியாவை 105-79 என்று வென்றதும், பாரீஸ் ஒலிம்பிக் தங்கம் ஏறக்குறைய முடிந்துபோன விஷயம் என்கிற தொனியில் தங்கள் விளையாட்டுப் பக்கம் எழுதியிருந்தது. சனிக்கிழமை அதே அணி லண்டனில் தெற்கு சூடானிடம் தட்டுத்தடுமாறி 101-100 என்று வென்றதும், இந்தத் திங்கட்கிழமை இதழில் நட்சத்திரங்களின் சாயம் வெளுத்துவிட்டது என்கிற பொருளில் நான்கு பத்தி அகலத்துக்கு ஒரு தலைப்பு. லெப்ரான் ஜேம்ஸ் கழுத்தில் தங்கத்தை மாட்டியதும் தாங்கள்தான், சில நாளிலேயே கழற்றியதும் தாங்கள்தான். இரண்டுமே பயிற்சி ஆட்டங்கள், ஐயா.

நான் பயிற்சியாளன் இல்லை, பெரிய ஆட்டக்காரனும் இல்லை. 22 ஆண்டுகள் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்தவன். முதல், மூன்றாம் குவார்ட்டருக்குச் சிவப்புப் பேனா, மற்ற இரண்டுக்கும் நீலப் பேனா; மூன்று புள்ளி விழுந்தால் அடித்தவர் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்; ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஒரு கறுத்த பொட்டு. கைக்கு வேறு வேலை தெரியாது. இப்போதும் டிவியில் ஆட்டம் பார்த்தால் மடியில் ஒரு ஸ்கோர் ஷீட் இருக்கும். வீட்டில் இதைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அந்த மேசையில் நான் பார்த்த பயிற்சி ஆட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பயிற்சியாளர்களும் மேசைக்கு வருவார்கள். "சார், யாருக்காவது அஞ்சு ஃபவுல் ஆனாலும் வெளியே அனுப்பாதீங்க, எங்களுக்கு ஆள் வேணும்" என்பார் ஒருவர். "நாலு குவார்ட்டர் முடிஞ்சதும் கடிகாரத்துல இன்னொரு பத்து நிமிஷம் போடுங்க, பென்ச் பசங்க ஆடட்டும்" என்பார் இன்னொருவர். சரி என்று எழுதிக்கொள்வேன். ஒருமுறை ஒரு பயிற்சியாளர் 14 புள்ளி முன்னிலையில் இருந்தபோது டைம்-அவுட் கேட்டு நேராக என்னிடம் வந்தார். "போர்டை மாத்துங்க சார். நாங்க மூணு புள்ளி பின்னாடி, ரெண்டு நிமிஷம் பாக்கின்னு வைங்க" என்றார். எதிர்த்தரப்புக்கும் சம்மதம். மாற்றி வைத்தேன். இல்லாத அந்த மூன்று புள்ளியைப் பிடிக்க அந்தப் பையன்கள் ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னால் 38 நிமிடத்தில் நான் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு நிருபர் தம்பி வந்து, "யார் ஜெயிச்சது சார்?" என்று கேட்டார். எதைச் சொல்வது? கையில் இருந்த தாளில் ஒரு ஸ்கோர், போர்டில் இன்னொன்று.

தேசிய அணிகளின் ஆட்டத்தில் இப்படிப் போர்டை மாற்ற மாட்டார்கள், தெரியும். டிக்கெட் விற்று, நடுவர்களை வைத்து, முறைப்படி நடக்கிற ஆட்டங்கள் அவை. ஆனால் பயிற்சியாளர் மனசுக்குள் வேறொரு போர்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். எந்த ஐந்து பேர் சேர்ந்தால் தடுப்பு நிற்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளுக்கு இன்னும் பழகவில்லை என்றெல்லாம் அதில் கணக்கு ஓடும். என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீகில் 48 நிமிடம் ஆடிப் பழகியவர்களுக்கு இங்கே, ஃபிபா ஆட்டத்தில், 40 நிமிடம்தான். அங்கே ஆறாவது ஃபவுலுக்குத்தான் வெளியே போவார்கள், இங்கே ஐந்தாவதற்கே. மூன்று புள்ளிக் கோடு அங்கே 7.24 மீட்டர், இங்கே 6.75. தடுப்பாளர் யாரையும் காக்காமல் ரிங்குக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி உண்டு. ஃபிபாவில் அது கிடையாது. உயரமான ஒருவர் அங்கேயே குடித்தனம் நடத்தலாம், வழக்கமாக உள்ளே புகுந்து அடிக்கிறவருக்கு வழியே இருக்காது. ரிங்கில் பட்டுத் துள்ளுகிற பந்தை எட்டித் தட்டிவிடுவதும் இங்கே செல்லும்; அங்கே அது தப்பு. ஜோயல் எம்பீட் ஒரு தேசிய அணிக்கு ஆடுவது இதுதான் முதல் தடவை. ஸ்டீஃபன் கரிக்கே இது முதல் ஒலிம்பிக். இதையெல்லாம் உடம்பில் ஏற்றிக்கொள்ளத்தானே ஐந்து ஆட்டங்கள்?

அப்புறம், லண்டன் ஆட்டம். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தேன், தாளும் என்னிடம் இருக்கிறது. பாதி ஆட்டத்தில் 58-42. 16 புள்ளி முன்னிலை தெற்கு சூடானுக்கு. 2011இல் பிறந்த நாடு, சொந்த மண்ணில் உள்ளரங்கக் கூடைப்பந்துத் தளம்கூட இல்லாத நாடு. கடைசி 20 விநாடி இருக்கும்போதும் 100-99 என்று அவர்கள்தான் முன்னால். எட்டு விநாடி மிச்சம் இருக்கையில் லெப்ரான் உள்ளே புகுந்து ரிங்குக்குப் பக்கத்தில் போட்ட லே-அப்தான் 101. அவர் எடுத்தது 25 புள்ளி. எதிர்ப்பக்கத்தில் கார்லிக் ஜோன்ஸ் புள்ளி, ரீபவுண்ட் (விழாமல் துள்ளிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்கு வழி செய்யும் பாஸ்) மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டு டிரிபிள்-டபுள் எடுத்தார். தங்கள் செய்தியில் அவர் பெயரே இல்லை. இருந்தது "அதிர்ச்சி" என்ற சொல், மூன்று இடத்தில்.

ஆட்டத்தில் நடந்தது என்ன? முதல் பாதியில் தெற்கு சூடான் ஐந்து பேரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பரப்பி நிறுத்தியது. அமெரிக்கப் பெரிய ஆட்கள் ரிங்கைக் காக்கப் பின்வாங்கி நின்றார்கள். ஒருவர் தடுப்பாளரின் வழியை மறித்துத் திரை போட்டதும் எறிகிறவருக்கு ஓரடி இடம் கிடைத்தது, அடித்தார்கள். ரீபவுண்ட் எடுத்தால் ஓட்டம். எதிரணி திரும்பி நிற்பதற்குள் பந்து அந்தப் பக்கம் போய்விடும். இரண்டாம் பாதியில் அமெரிக்கா வெளியே வந்து நெருக்கித் தடுத்ததும் நிலைமை மாறியது. அதாவது கோளாறு தெரிந்தது, அதே ராத்திரியில் பாதி சரியும் செய்யப்பட்டது. பயிற்சி ஆட்டத்திடம் இதற்கு மேல் என்ன கேட்பது? கெவின் டூரண்ட் கெண்டைக்கால் தசைப்பிடிப்பால் ஐந்தில் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. அதுவும் செய்தியில் இல்லை.

பயிற்சி ஆட்டத்தில் தோற்றால் போட்டியிலும் தோற்பார்கள் என்பதற்குக் கணக்கு ஒத்துவரவில்லை. 2021இல் இதே அமெரிக்கா லாஸ் வேகாஸில் நைஜீரியாவிடம் 90-87 என்று தோற்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 156-73 என்று தான் துவைத்து எடுத்த அணியிடம்! அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடமும் உதை. அன்றைக்கு உலகம் முழுக்க இதே தலைப்புகள்தான். ஆனால் அந்த அமெரிக்க அணியில் மூன்று பேர் அப்போது என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள், வந்தே சேரவில்லை. டோக்கியோவில் முதல் ஆட்டத்தில் பிரான்ஸிடமும் தோற்று, கடைசியில் அதே பிரான்ஸை 87-82 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். நைஜீரியா? ஆடிய மூன்றிலும் தோல்வி.

இனி இதற்கு நேர் எதிர்க் கதை, போன வருடத்தது. உலகக் கோப்பைக்கு முன் ஐந்து ஆட்டம், ஐந்திலும் அமெரிக்காவுக்கே வெற்றி. கடைசி ஆட்டம் அபுதாபியில் ஜெர்மனியுடன். 16 புள்ளி பின்தங்கி இருந்து, ஆன்டனி எட்வர்ட்ஸ் 34 புள்ளி விளாச, 99-91. எழுச்சி, எழுச்சி என்று எழுதினார்கள். அந்தத் தாளையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் எழுச்சியைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 16. ஜெர்மனி எப்படி அவ்வளவு தூரம் போனது என்று யாரும் கேட்கவில்லை. மணிலாவில் அரையிறுதி வந்தது, அதே ஜெர்மனி, 113-111. வெண்கலமும் கனடாவிடம் போய், நாலாவது இடத்தோடு ஊர் திரும்பினார்கள். அதற்கு முன்பே லிதுவேனியா முதல் ஒன்பது மூன்று புள்ளி எறிதலையும் போட்டு, ரீபவுண்டில் அமெரிக்காவை 43-27 என்று நசுக்கி வென்றிருந்தது. உயரம் போதாத அணி என்பது பயிற்சி ஆட்டங்களிலேயே கண்ணுக்குத் தெரிந்ததுதான். ஐந்து வெற்றி அதை மறைத்துவிட்டது.

இதற்காகப் பயிற்சி ஆட்டமே வெறும் வேடிக்கை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எனக்கே நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2004 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் இத்தாலி 95-78 என்று அமெரிக்காவை அடித்தது. வெளியிலிருந்து எறியத் தெரியாத அணி என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதே மாதம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்தில் புவர்ட்டோ ரிக்கோ ஸோன் போட்டு, அதாவது ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைக் காத்து, நின்றது. அமெரிக்கா 24 முறை மூன்று புள்ளிக்கு எறிந்து 3 விழுந்தது, 92-73. டங்கன், ஐவர்சன் போன்ற நட்சத்திரங்கள் இருந்தும் அமெரிக்காவுக்கு வெண்கலம்தான். இத்தாலி வெள்ளி வாங்கியது. 2019இலும் அப்படித்தான். மெல்போர்னில் ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் பாட்டி மில்ஸ் 30 புள்ளி எடுக்க, ஆஸ்திரேலியா 98-94 என்று வென்று, அமெரிக்காவின் 78 ஆட்டத் தொடர் வெற்றியை நிறுத்தியது. அடுத்த மாதம் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு ஏழாம் இடம். இந்த இரண்டு தடவையும் தோல்வி உண்மையைச் சொன்னது. 2021இல் பொய் சொன்னது. 2023இல் வெற்றி பொய் சொன்னது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் எது எப்போது பொய் சொல்கிறது என்று எப்படித் தெரியும்? உள்ளே ஏன் என்று பார்த்தவருக்கு நான்கு தடவையும் விடை இருந்தது.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1992 டிரீம் டீம், ஜோர்டன், மேஜிக், பேர்ட் எல்லாரும் இருந்த அணி, சான் டியாகோ பக்கம் லா ஹோயாவில் கல்லூரிப் பையன்களுடன் மூடிய கதவுக்குள் 20 நிமிடம் ஆடி 62-54 என்று தோற்றது. பத்திரிகைக்காரர்களை உள்ளே விடும் முன் பயிற்சியாளர் சக் டேலி ஸ்கோர் போர்டை அழிக்கச் சொல்லிவிட்டார். ஜோர்டனை அதிகம் இறக்காமல் அவர் வேண்டுமென்றே தோற்கவிட்டார், "நீங்களும் தோற்கலாம்" என்று காட்டத்தான் என்று துணைப் பயிற்சியாளராக இருந்த மைக் ஷஷெவ்ஸ்கி பின்னாளில் சொன்னார். பார்சிலோனாவில் அந்த அணி ஒவ்வோர் ஆட்டத்தையும் சராசரியாக 40 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றது. போர்டை அழித்த அந்த மேசைக்காரர் யாரோ, அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

செர்பியா விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை லீல் நகரில் அமெரிக்காவின் முதல் ஆட்டமே அவர்களோடுதான். ஒரே பிரிவில் இருக்கிற அணி, 11 நாள் முன்னால் தன் கைச்சரக்கை எல்லாம் எதிரிக்கு அவிழ்த்துக் காட்டுமா? அபுதாபியின் 26 புள்ளி வித்தியாசத்தால் செர்பியாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. லீலில் அதே 26 நஷ்டம்தான். மூன்று பிரிவிலிருந்தும் மூன்றாம் இடத்து அணிகளில் இரண்டு காலிறுதிக்குப் போகும் முறை. புள்ளி வித்தியாசம் கணக்கில் வரும். அங்கே தோற்கிற அணிகூடக் கடைசி நிமிடத்தில் வித்தியாசத்தைக் குறைக்க ஓடும். பயிற்சி ஆட்டத்தில் அந்த நேரம் பென்ச் ஆட்டக்காரர்களுக்கு.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை பயிற்சி ஆட்டத்துக்குத் தலைப்பு என்னவாக இருந்தாலும் இருக்கட்டும், கீழே நாலு வரி சேர்த்துப் போடுங்கள். மூன்று புள்ளி எத்தனை எறிந்து எத்தனை விழுந்தது, தடுப்பு ரீபவுண்ட் யாருக்கு எத்தனை, பந்தைத் தவறவிட்டது எத்தனை, கடைசி ஐந்து நிமிடம் களத்தில் யார் யார். புதன்கிழமை செய்தியில் ஜெர்மனியை 92-88 என்று வென்றதைப் போட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் கடைசி 11 புள்ளியையும் லெப்ரான் ஒருவரே எடுத்தார் என்பதைப் போடவில்லை. 39 வயதுக்காரர் ஒருவர் இரண்டு ஆட்டங்களைக் கடைசி நிமிடத்தில் தனியாகத் தூக்க வேண்டியிருந்தது என்றால் அது நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று வாசகர்களே பேசிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் கெட்ட சேதி. தங்கம் அவர்களுக்குத்தான் வரும் என்றே நினைக்கிறேன், ஆனால் அரையிறுதி வாக்கில் யாராவது ஒரு அணி அவர்களை நன்றாக வியர்க்க வைக்கும்.

கடைசியாக ஒரு திருத்தம். திங்கட்கிழமை படத்தின் கீழே "சூடான் வீரர்கள்" என்று அச்சாகியிருக்கிறது. சூடான் வேறு, தெற்கு சூடான் வேறு. கொடியும் வேறு, தேசிய கீதமும் வேறு. அதைப் பிரித்துக்கொள்ள அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வரும் 31ஆம் தேதி அமெரிக்காவுடன் மறுபடி ஆடுகிறார்கள், அதற்குள் சரிசெய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஸ்கோர் மேசைக்காரன்
25.7.2024