எதிரணி அப்பாவிடமிருந்து

ஆகஸ்ட் 14, 2023

அன்பு பாப்பாவுக்கு,

சனிக்கிழமை நீ போனை வைத்த வேகத்தைப் பார்த்தால், உன் டாட்டன்ஹாம் கால்பந்து டீமின் ஹாரி கேனை ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்குக்கு விற்றதே நான்தான் போலிருந்தது. என்னைப் பேசவே விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது அல்லவா?

நான் ஆர்சனல்காரன், உன் டீமின் பரம எதிரி. நியாயமாக அன்றைக்கு நான் குதித்திருக்க வேண்டும். எங்கள் வலைக்குள் 14 கோல் அடித்தவன் ஒழிந்தான். நம் இரண்டு டீமும் மோதும் வட லண்டன் டெர்பியில் அத்தனை கோல் வேறு யாரும் அடித்ததில்லை. போதாததற்கு அன்றே நாங்கள் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 2-1 என்று ஜெயித்தோம். இரட்டைத் தீபாவளி. ஆனால் எனக்கு என்னவோ சப்பென்று ஆகிவிட்டது.

2016 மார்ச் டெர்பி ஞாபகம் இருக்கிறதா? மூக்கு உடைந்து, முகமூடி போட்டுக்கொண்டு ஆடினான். எங்கள் ஆள் ஒருவன் சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டான். நீங்கள் 1-1 என்று சமன் செய்த கொஞ்ச நேரத்திலேயே, இடது பக்க மூலையில், கோடு தாண்டிவிடப் போகிறது என்று நான் நினைத்த பந்தை ஓடிப் பிடித்துத் திரும்பி வளைத்து அடித்தானே! அங்கிருந்து கோலே தெரியாது. தூரத்துக் கம்பத்தின் உள்பக்கமாகப் போய் விழுந்தது. அவன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு ஓட, நீ சோபாமேல் ஏறி நின்று என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாய். கடைசியில் 2-2 தான். ஆனால் எனக்கு அந்த மேட்சில் நினைவிருப்பது அந்த ஒரு கோலும் உன் நாக்கும்தான். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, அந்த மாதிரி எரிச்சலைத் தர இனி இந்த லீக்கில் யார் இருக்கிறார்கள், சொல்!

வேடிக்கை என்னவென்றால், சின்ன வயதில் அவனை ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு, தேற மாட்டான் என்று அனுப்பியது எங்கள் அகாடமிதான். அந்த 14 கோலும் நாங்களே தேடிக்கொண்டது.

சரி, நீ போனில் கேனைச் சொன்ன ‘துரோகி’க்கு வருகிறேன். அந்த வார்த்தையை நீ சிக்கனமாகத்தான் செலவழிக்க வேண்டும். 2001-ல் ஸால் கேம்பல் செய்தாரே, அதற்குப் பெயர்தான் அது. உங்கள் கேப்டன். ஒப்பந்தம் முடியும்வரை இருந்து, உங்களுக்கு ஒரு பைசா வராமல், நேராக எங்களிடம் வந்தார். அந்த நவம்பரில் உங்கள் மைதானத்துக்கு அவர் திரும்பி வந்தபோது ‘யூதாஸ்’ என்று எழுதிப் பிடித்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிந்தது. (எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.)

கேன் அப்படியா செய்தான்? ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. போன சீசனில் அவன் 30 கோல் அடித்தும் நீங்கள் எட்டாவது இடம். ஐரோப்பியப் போட்டி எதிலும் இடமில்லை. உங்களுக்காக மூன்று இறுதிப்போட்டி ஆடினான்: 2015, 2019, 2021. மூன்றிலும் தோல்வி. கடைசி இறுதிப்போட்டிக்கு ஆறு நாள் முன்னால் மேனேஜரையே அனுப்பிவைத்த நிர்வாகம் உங்களுடையது! அதே வருடம் மான்செஸ்டர் சிட்டி கேட்டது, இவனும் போகத் துடித்தான், விடவில்லை. இப்போது போயிருப்பது வேறு நாட்டு லீக்குக்கு. உன் டீமுக்கு எதிராக வாராவாரம் வந்து நிற்கப் போவதில்லை. செய்திகளில் சொல்கிறபடி 10 கோடி யூரோவுக்கு மேல் பணமும் வந்திருக்கிறது. இதைவிட மரியாதையாக ஒருவன் எப்படித்தான் போவது?

உடனே, “நானும்தான் வீட்டைவிட்டுப் போனேன், அதற்கு மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டீர்களே” என்று ஆரம்பிப்பாய். அது வேறு. நீ 280 கோல் போட்டுவிட்டுப் போகவில்லை.

உண்மையில் ஏமாந்தது உங்களைவிட மற்ற டீம்காரர்கள்தான் என்று தோன்றுகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அவன் கணக்கு 213 கோல். லீக்கின் சாதனை ஆலன் ஷியரரின் 260. இன்னும் 48 அடித்திருந்தால் தாண்டியிருப்பான். அவன் வேகத்துக்கு இரண்டே சீசன். அந்த ஓட்டத்தைப் பார்க்க எல்லோரும் காத்திருந்தோம், திட்டிக்கொண்டேதான். கதையின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டான். உனக்காவது உங்கள் டீமுக்காக ஜிம்மி கிரீவ்ஸ் அடித்த 266 கோல் சாதனையை அவன் தாண்டிய பிப்ரவரி ராத்திரி இருக்கிறது.

நேற்று பிரென்ட்ஃபோர்டுடன் நீங்கள் ஆடியதைப் பார்த்தேன். 2-2. ரொமேரோ தலையால் முட்டிய கோல் அருமை. கேனின் பத்தாம் எண் ஜெர்சியில் மேடிசனைப் பார்க்கக் கண்ணுக்குப் பழகவில்லை. கேப்டன் பட்டையுடன் சன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் உங்கள் ஆட்கள் பந்தோடு ஓடிப்போய், ஒரு நொடி நின்று, யாரையோ தேடினார்களே, நீயும் கவனித்தாயா?

அங்கே கேன் சனிக்கிழமையே பேயர்னுக்கு மாற்று ஆட்டக்காரனாக இறங்கி, சொந்த மைதானத்தில் லைப்ஸிக்கிடம் 0-3 என்று தோற்று, ஜெர்மன் சூப்பர் கோப்பையையும் விட்டான். கோப்பை ஆசையில் போனவனுக்கு முதல் நாளே இப்படி. நான் சிரிக்கவில்லை. சத்தியமாக.

வெள்ளிக்கிழமை பிரேமனில் பேயர்னுக்கு லீக்கின் முதல் மேட்ச். நீ பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். நான் பார்க்கப் போகிறேன். கோல் அடித்தால் உனக்கு மெசேஜ் போடட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா