வடக்குச் சுவரின் சிமெண்ட் பூச்சை அகற்றக் கோரும் நான்காவது மனு

பெறுநர்: தொல்லியல் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: அகழாய்வு மேட்டை ஒட்டிக் குடியிருப்போர்
பொருள்: பழங்காலச் சுடாத செங்கல் சுவர்களை ஓதத்திலிருந்து காப்பாற்றக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேட்டின் வடக்குச் சுவர் தங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆய்வுக்கு வந்தபோது கொட்டகைக்குள் நின்று வெகுநேரம் பார்த்தீர்கள். அதன் பிறகு மூன்று மனு கொடுத்துவிட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. வேலைப்பளு இருக்கும், சரி என்று பொறுத்தோம். இன்னொரு மழைக்காலத்தை அந்தச் சுவர் தாங்காது என்பதால் மறுபடியும் எழுதுகிறோம்.

1. முதலில் சிமெண்ட். சுவரின் அடி அரிக்கிறது என்று முழங்கால் உயரத்துக்குப் பூசினார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் சுடாத செங்கல், விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோலத் தரையின் ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் சுவர் முகப்பு வழியாகக் காய்ந்து போக வேண்டும். அந்த வழியைச் சிமெண்ட் அடைத்துவிட்டது. முன்பு முழங்காலுக்குக் கீழே நின்ற ஓதம் இப்போது பூச்சைத் தாண்டி இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. ஈரம் காய்கிற இடத்தில் உப்பு பூக்கிறது. அந்த உப்பு படிகமாக இறுகும்போது மண் துகள்களை நெட்டித் தள்ளுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் சுவரடியில் மாவு கொட்டியதுபோல மண் கிடக்கிறது. கூட்டி அள்ளினால் மறுநாளும் கிடக்கிறது.

பூச்சைத் தட்டினால் காலிக் குடம்போலச் சத்தம் வருகிறது. கிழக்கு மூலையில் பெயர்ந்த இடத்தில் விரலை விட்டால் சேறு ஒட்டிக்கொண்டு வருகிறது.

அந்த மூலையில் ஒரு செங்கல், ஐயா. அறுத்தவர் ஈர மண்ணில் மூன்று விரலை அழுத்தி இழுத்த தடம் அதில் இருந்தது. பக்கத்திலேயே ஒரு வைக்கோல் துணுக்கின் அச்சும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அதைத்தான் முதலில் காட்டுவோம். இந்த மழையோடு ஒரு விரலின் தடம் போய்விட்டது. மிச்சம் இரண்டுதான்.

2. கொட்டகைத் தகரத்தின் ஓரத்தில் தண்ணீரைப் பிடித்து வெளியே விட ஒன்றும் இல்லை. கூரைத் தண்ணீர் மொத்தமும் சுவரடியில் விழுந்து பள்ளம் பறிக்கிறது.

3. சுவர் உச்சியில் இறுக்கிக் கட்டிய பாலித்தீன் தாள் வெயிலில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது. தயவுசெய்து அதையும் எடுத்துவிடுங்கள்.

4. நிதி இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். நாங்கள் கேட்பது மண்ணும் வைக்கோலும்தான். மாலி நாட்டில் ஜென்னே மசூதிக்கு ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. மழை அந்தப் பூச்சைத் தின்னும், சுவர் தப்பிக்கும். பெருவின் சான் சான் மண் நகரத்தை 1986-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ, அதே ஆண்டில் அபாயப் பட்டியலிலும் சேர்த்தது. மண் கட்டடம் எவ்வளவு சீக்கிரம் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே நான்காவது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்!

5. சிமெண்டை எடுங்கள் ஐயா. எத்தனை தடவைதான் கேட்பது? சுத்தியலால் ஒரேயடியாக உடைக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் சுவரே சாய்ந்துவிடும். மழை ஓய்ந்த பிறகு, முட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, சுவரை மெதுவாகக் காயவிட்டு, குழிந்த இடத்தை அதே வகை மண்ணில் அறுத்த செங்கலால் நிரப்ப வேண்டும். அப்புறம் மேலே வைக்கோல் கலந்த மண் பூச்சு. தரைத் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட ஒரு வடிகால். தங்கள் வல்லுநர் ஒருவர் கூட நின்று வழிகாட்டினால் போதும், மண் குழைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வருகிறோம்.

6. இது எதுவும் முடியாது என்றால், சலித்த மணலைப் போட்டு அகழாய்வுக் குழியை மூடியாவது விடுங்கள். தோண்டும்வரை அந்தச் சுவர் மண்ணுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. இதைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கேட்கிறோம்.

அடுத்த மழைக்கு முன் ஒருமுறை நேரில் வாருங்கள். கிழக்கு மூலையைத் தாங்களே தொட்டுப் பாருங்கள். சிமெண்டை எடுக்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேட்டுப் பகுதிக் குடியிருப்போர்