எழுத்தோவியத்தின் வெற்றிடத்தை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானியக் கவிதை எழுத்தோவியங்கள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பாடல்களின் பொருளைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால், உடன் வெளியான, கொக்குகள் தீட்டிய நீண்ட தாள் சுருளின் படத்தில் எழுத்து அடர்ந்த பகுதியை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்து, மேலும் கீழும் இருந்த வெற்றிடத்தை நீக்கியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள இச்சுருள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. உயரம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்; நீளமோ 13 மீட்டருக்கும் மேல். ஓவியர் தவராயா சோடாட்சு பொன், வெள்ளிக் குழம்பால் தீட்டிய கொக்குகள் கரையில் நின்று, கூட்டமாக எழும்பி, கடலைக் கடந்து மறுபடி இறங்க, அவற்றின் மீதே எழுத்தோவியர் ஹொன்னாமி கோயெட்சு 36 கவிஞர்களின் வாக்கா என்னும் குறும்பாடல்களை, மேலிருந்து கீழாக இறங்கும் வரிகளில், வலமிருந்து இடமாக எழுதிச் செல்கிறார். 31 அசை கொண்ட பாடலை அவர் ஒரே மட்டத்தில் வரிசையாக அடுக்குவதில்லை. ஒரு வரி உச்சியில் தொடங்கினால் அடுத்தது பாதி உயரத்தில் தொடங்கும்; மை தோய்ந்து தடித்த எழுத்தை அடுத்து, தூரிகையை எடுக்காமலே இழுத்த மெல்லிய எழுத்துகள் ஒன்றோடொன்று பிணைந்து இறங்கும். ஒரு வரி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதைத் தாளின் விளிம்பு இல்லாமல் எப்படி அறிவது?

சுருளின் தொடக்கத்தில் ஹிட்டொமாரோ என்ற கவிஞரின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டுப்போக, கோயெட்சு அதைப் பக்கத்தில் சிறிதாகச் சேர்த்திருக்கிறார். அடியில் இன்னொருவர் ஓவியம் இருக்கையில் தாளை மாற்ற வழியேது! எனக்குச் சுருளில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இத்தகைய படைப்புகளை வெட்டுவது ஜப்பானிலும் நடந்ததுதான். நிஷி ஹொங்கான்ஜி கோயிலில் இருந்த, 12-ஆம் நூற்றாண்டு வண்ணத்தாள் கவிதை ஏடுகளில் இரண்டை 1929-இல் பிரித்து விற்றார்கள். கோயெட்சுவும் சோடாட்சுவும் சேர்ந்து படைத்த மான் சுருளும் துண்டாடப்பட்டு, அதன் மிகப்பெரிய துண்டு இன்று அமெரிக்காவின் சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயினும் அந்த ஏடுகளைக்கூடப் பக்கம் பக்கமாகத்தான் பிரித்தார்களே தவிர, பக்கத்தின் விளிம்பைக் கத்தரித்து எழுத்தை மட்டும் எடுக்கவில்லை.

எனவே, இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, சிறு பகுதியே ஆனாலும், மேல்விளிம்பு முதல் கீழ்விளிம்பு வரை முழுதாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பையும் படத்தின் அடியில் சேர்த்தால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.