ஊரார் பிள்ளையும் என் பிள்ளையும்

லூயிவில், கென்டக்கி மாநிலம், அமெரிக்கா
12.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். நிலாவை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்திலேயே, எனக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். கட்டணத்தை அரசு கட்டுகிறது. பால்வாடி டீச்சரான உனக்கு இதை விவரமாகச் சொல்லவேண்டும்.

எங்கள் காப்பகத்தில் கைக்குழந்தைக்கு வாரம் 220 டாலர். எனக்குச் சம்பளம் மணிக்கு 13 டாலர். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் வரி பிடிப்பதற்கு முன் 520. இரண்டு பிள்ளைகள் இருப்பவள் என்ன செய்வாள்? என்னோடு வேலை செய்பவள் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நின்றுவிட்டாள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இரவில் விமான நிலையத்தில் பார்சல் பிரிக்கப் போனாள். எப்போது தூங்கினாளோ!

ஒரு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்பது இங்கே சட்டம். அவள் போனதும் ஐந்து தொட்டில்கள் காலி. அந்த ஐந்து வீடுகளிலும் யாரோ ஒருவர் வேலைக்குப் போகமுடியாமல் உட்கார்ந்திருக்கவேண்டும்.

2022 அக்டோபரில் மாநில அரசு விதியை மாற்றியது. உரிமம் பெற்ற காப்பகத்தில் வாரம் 20 மணி நேரமாவது வேலை செய்பவருடைய பிள்ளைக்கு, வீட்டு வருமானத்தைப் பாராமல் அரசே காப்பகத்துக்குப் பணம் செலுத்தும். முதல் ஆண்டில் சுமார் 3,200 பெற்றோர் பயன்பெற்றார்கள். அவளும் திரும்பி வந்தாள். தொட்டில்கள் நிறைந்தன. இதைச் சலுகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எங்களை வேலையில் நிறுத்திவைத்ததால் ஊரே வேலைக்குப் போகிறது.

ஆனாலும் இது சம்பளம் ஆகாது, அக்கா. எங்களில் மூத்தவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் ஊரார் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த அவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. நிலா பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் எனக்கும் பெரும்பகுதி குறைந்துவிடும். காலமுறை ஊதியம் கேட்டு நீங்கள் வெயிலில் உட்கார்ந்தது அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

கோவிட் காலத்தில் காப்பகங்களைத் தாங்கிப்பிடிக்க மத்திய அரசு கொடுத்த நிதி செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. ஜனவரியில் மாநிலச் சட்டமன்றம் கூடி இரண்டாண்டு பட்ஜெட் போடப்போகிறது. பிள்ளைகளுக்கான உதவியை நிறுத்தக்கூடாது, சம்பளத்தையும் உயர்த்தவேண்டும் என்று எங்கள் தொகுதி உறுப்பினருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இங்கே ஓட்டு இல்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் சங்கம் கலெக்டரிடம் கொடுத்த மனு இருந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. சம்பளக் கோரிக்கையை எப்படி எழுதினீர்கள் என்று பார்க்கவேண்டும்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை