போர்விமானக் காணொளி போடும் தம்பி தங்கையருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு போர்விமானங்களைப் பற்றித் தமிழில் காணொளி போடுகிற உங்களை விடாமல் பார்க்கிறவன் நான். சோவியத் மிக் விமானங்களை அமெரிக்கர் பாலைவனத்தில் ஒளித்து வைத்துத் தங்கள் விமானிகளுக்கு எதிராகப் பறக்கவிட்ட கதையை அண்மையில் சிலர் எடுத்திருந்தீர்கள். நல்ல விசயம். ஆனால் சொல்கிற விதம் கிரிக்கெட் ஸ்கோர் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. யார் எத்தனை பேரை விழுத்தினார், யார் வென்றார், அவ்வளவுதான்.

வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க விமானி பயிற்சியில் மல்லுக்கட்டியது பெரும்பாலும் தன்னுடையதைப் போன்ற இன்னொரு விமானத்தோடு. அங்கே எதிரே வந்ததோ சின்னதாய், சட்டென்று திரும்பக்கூடிய மிக்-17. அதனால்தான் 1969இல் கலிபோர்னியாவின் மிராமாரில் டொப் கன் என்ற வான்சண்டைப் பள்ளியைத் தொடங்கிய அமெரிக்கக் கடற்படை, ஏ-4 விமானத்தை மிக்-17 மாதிரிப் பறக்கவிட்டுப் பழக்கியது. நிசமான மிக்குகளும் கைக்கு வந்தன. 1966இல் ஈராக்கிய விமானி முனீர் ரெட்ஃபா இஸ்ரேலுக்குக் கொண்டோடிய மிக்-21, 1968இல் அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் பறந்தது. பிறகு அதே நெவாடாவின் டொனோபாவில் 'ரெட் ஈகிள்ஸ்' என்ற அமெரிக்க விமானப்படையின் 4477ஆம் அணி மிக்-17, 21, 23 எல்லாவற்றையும் வைத்து 1988 வரை பயிற்சி கொடுத்தது. ஏறத்தாழ 6,000 பேர் அதில் பழகினார்கள். 2006 வரை அது இரகசியம்.

இதில் நீங்கள் எல்லோரும் தாண்டிப்போன இடம் ஒன்று இருக்கிறது. பழக வந்தவனுக்கு எடுத்த எடுப்பில் சண்டை கிடையாது. மிக் பக்கத்தில் பறக்கும், அவன் அதைப் பார்ப்பான். எவ்வளவு சின்னது, எந்தக் கோணத்தில் கண்ணுக்குத் தப்பும், வேகம் கூடினால் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்பான். முதன்முதலில் மிக்கைக் கண்டதும் வரும் திகைப்பைப் போருக்கு முன்னமே தீர்த்துவிடுவதுதான் நோக்கம். சண்டை அதற்குப் பிறகு. அந்தப் பழைய மிக்குகளை ஓட்டிக் காட்டியதிலேயே உயிர் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, 2004 பெப்ரவரியில் குவாலியரில் நடந்த இந்திய–அமெரிக்கப் பயிற்சி. 'எஃப்-15ஐ இந்தியா ஓட ஓட விரட்டியது' என்று தலைப்புப் போடுகிறீர்கள். அங்கே எஃப்-15களோடு வந்த அமெரிக்கப் பக்கம் எண்ணிக்கையில் குறைவு. நெடுந்தூர ஏவுகணையை முழுத்திறனோடு பாவிக்கவும் விதி விடவில்லை. இந்திய விமானிகள் கெட்டிக்காரர் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியில் தோற்கிறவனுக்குத்தான் இலாபம் கூட. தலைப்புப் போடுமுன் விதிகளை வாசியுங்கள்.

இனிக் கிபிர், இஸ்ரேல் செய்த ஜெட் போர்விமானம். 1985 தொடக்கம் சில வருடம் அமெரிக்கக் கடற்படையும் மரீன் படையும் இஸ்ரேலிடம் 25 கிபிர்களைக் குத்தகைக்கு எடுத்து, எஃப்-21 என்று பெயர் வைத்து, மிக்-23 ஆக நடிக்கவிட்டன. பிறகு தனியார் கம்பனிகளும் கிபிரை அதே வேலைக்குப் பறக்கவிட்டன. அங்கே அது வாடகை எதிரி. இங்கே அது போரில் இலங்கை விமானப்படை எங்கள் ஊர்களில் குண்டு போட்ட விமானம்; எங்கள் ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறும். இதைப் பற்றி அநேகமாக ஒருவரும் ஒரு வரி சொல்லவில்லையே பிள்ளைகள்?

சொன்ன ஒரு காணொளியும் பிழையாகச் சொன்னது. யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் 1995 ஜூலை 9ஆம் திகதி குண்டு போட்டது கிபிர் என்று. கட்டுநாயக்காவில் இலங்கை விமானப்படையின் கிபிர் அணி உருவானதே 1996இல். நவாலிக்கு வந்தது புக்காரா என்பதுதான் பதிவு. அது ஆர்ஜென்டீனாவில் செய்த, காற்றாடி சுற்றுகிற விமானம். வீட்டில் ஒரு பெரியவரைக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தியிருப்பார். காற்றாடி இரைச்சலுக்கும் ஜெட் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாமல் அந்தத் தலைமுறை உயிர் தப்பவில்லை. மேலே வட்டமடிக்கும் அவ்ரோ என்ற போக்குவரத்து விமானம் என்றால் பீப்பாக் குண்டு, ஹெலி என்றால் ஐம்பது கலிபர் இயந்திரத் துப்பாக்கி. வன்னியில் 'வண்டு' என்ற ஆளில்லா வேவு விமானம் இரைந்தால் பின்னாலே கிபிர் வரலாம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பங்கருக்குள் இறங்கிவிடும். நெவாடாவில் கோடிக்கணக்கில் செலவழித்துப் படிப்பித்த அதே பாடத்தை இங்கே தரையில் நின்றவர்கள் காதாலே படித்தார்கள்.

அந்தப் படிப்பு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. படித்தவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. கமரா உங்களிடம் இருக்கிறது. அவர்களிடம் போங்கள்.

போனால் முதலில் அனுமதி கேளுங்கள். சிலர் மாட்டேன் என்பார்கள், விட்டுவிடுங்கள். பேசுகிறவரிடம் 'பயமாக இருந்ததா' என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எந்தச் சத்தம் முதலில் கேட்டது, எந்தப் பக்கத்தாலே வந்தது, பங்கருக்குப் போக எவ்வளவு நேரம் கிடைத்தது, எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்று கேளுங்கள். ஊரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, எந்த விமானம் எப்போது வாங்கப்பட்டது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் இரண்டையும் போடுங்கள். பின்னணி இசை மட்டும் வேண்டாம், அவர் சத்தத்தை வாயாலே செய்து காட்டும்போது அது தெளிவாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் வாத்தியார் ஒருவர்,
கொக்குவில்.