பாலாமைக்குப் பெயர் வந்த விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாய்க்கால் தூர்வாரும்போது அகப்பட்ட ஆமையைக் குளத்தில் கொண்டுபோய் விட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். படத்தின் கீழே ‘இந்திய மடல் ஓட்டாமை’ என்று அச்சாகியிருந்தது. ஓட்டையே மடல்போல் விரித்து மூடுவதால் அப்பெயர் வந்தது என்று செய்தியும் விளக்கியிருந்தது. இரண்டும் சரியல்ல.

இந்த ஆமையை ஆங்கிலத்தில் ‘ஃப்ளாப்ஷெல்’ என்று அழைப்பதற்குக் காரணம் ஓடு அன்று, தோல். கையில் எடுத்துக் கவிழ்த்தால், அது பின்னங்கால்களை உள்ளிழுத்த கையோடு அடிப்புறத்தின் பின்பகுதியில் உள்ள இரண்டு தோல் மடிப்புகள் அவற்றின் மேல் படிந்து மறைத்துக்கொள்வதைக் காணலாம். அந்த மடிப்புகளைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. நாமோ அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, பிறகு அந்தப் பெயர்ப்புக்கு விளக்கமும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் இதன் பெயர் பாலாமை. கோடையில் எங்கள் ஊர்க் குளம் வற்றியதும் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் இந்த ஆமைகள், என் சிறுவயதில், மண் வெட்டும்போது அகப்படும்; முதுகு சேற்றோடு சேறாக, இருப்பதே தெரியாது. புரட்டிப் போட்டால் மட்டும் வயிறு பாலாடை நிறத்தில் பளிச்சிடும். பெயர் அந்த நிறத்திலிருந்து வந்தது என்பதே என் துணிபு. அதே குளத்தில் வாழும் கறுத்த ஆமைக்குக் காராமை என்று பெயர் இருப்பதும், பாலாமையை மலையாளிகள் ‘வெள்ளாம’ என்பதும் இதற்கு ஆதரவாக நிற்கின்றன. இலங்கையில் வாழும் இதன் நெருங்கிய உறவினத்தைச் சிங்களத்தில் ‘கிரி இப்பா’ என்பார்கள். கிரி என்றால் பால். ஒருவரும் மடிப்பைக் கவனிக்காமல் போனார்கள் என்பதல்ல, குளக்கரையில் நிற்பவருக்கு எந்த ஆமை என்று தெரிய நிறமே போதுமாயிருந்தது.

அறிவியல் பெயரும் நம் ஊர் ஆமைக்கு முழுக்கப் பொருந்திவிடவில்லை. ‘லிஸெமிஸ் பங்டாட்டா’ என்பதில் முதற்பாதி, ஊர்வன ஆய்வாளர் மால்கம் ஸ்மித் 1931-இல் வைத்த பேரினப் பெயர். வழவழப்பான ஆமை என்று பொருள், அது சரி. பின்பாதிக்குப் புள்ளியிட்டது என்று பொருள். மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று தெரிவதோ வட இந்தியாவில் வாழும் வகையின் முதுகில்தான். தெற்கே உள்ளதற்கு அவை இல்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமையை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். தூண்டிலிலோ வலையிலோ பாலாமை சிக்கியவருக்கு, தாம் நாளிதழில் படித்த ‘மடல் ஓட்டாமை’ இதுதான் என்று எப்படித் தெரியும்? அடுத்த முறை பாலாமை என்றே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி