பெர்லினிலிருந்து அப்பாவுக்கு

பெர்லின்,
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

போன ஞாயிறு போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மியூசியத்தில் தலைவர் பதவி என்கிறாய். படம் வரைவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை. அப்புறம் என்னம்மா வேலை?" நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டார்கள். சரி, இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்களுக்குச் சொல்வதைவிட உங்களுக்குச் சொல்வது சுலபம். முப்பது வருடம் பத்திரம் எழுதியவர் நீங்கள். மனை வாங்க யார் வந்தாலும் முதலில் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பீர்கள். அப்புறம் வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று வரிசையாக வரும்போது நடுவில் ஒரு கை விட்டுப் போயிருந்தால், பேனாவை மூடி வைத்துவிடுவீர்கள். நான் ஓவியங்களுக்கு வில்லங்கம் பார்க்கிறேன் அப்பா. ஓவியரின் கையை விட்டுப் போன நாளிலிருந்து எங்கள் சுவருக்கு வந்த நாள் வரை ஒரு படம் யார் யாரிடம் இருந்தது, எப்படிக் கை மாறியது, கொடுத்தவர் மனமொப்பிக் கொடுத்தாரா என்று தேடுகிறோம். இதற்கு உடைமை வரலாற்று ஆய்வு என்று பெயர். என்னோடு நாலு பேர் இருக்கிறார்கள். அந்தக் குழுவுக்குத்தான் அக்டோபரிலிருந்து நான் பொறுப்பு.

உங்கள் வேலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லை தாண்டிவிடலாம். படங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகமும் கிடையாது. ஏலப் பட்டியல், வியாபாரியின் கணக்குப் புத்தகம், கப்பல் ரசீது, குடும்பப் புகைப்படம் என்று ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஊரில் கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்து ஒட்டுவதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

ஜெர்மனியில் இந்த வேலையின் பெரும்பகுதி 1933 முதல் 1945 வரையிலான பன்னிரண்டு வருடங்களைப் பற்றியது. நாஜிகள் யூதக் குடும்பங்களின் வீட்டுக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. எனக்குத் தூக்கம் கெடுப்பது இன்னொரு வகை. அதில் பத்திரம் எல்லாம் சரியாக இருக்கும். ஏலம் நடந்திருக்கும், ரசீது இருக்கும், பணம் கொடுத்ததற்குக் கையெழுத்தும் இருக்கும். ஆனால் அந்தக் கையெழுத்து எப்படி வந்தது? நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு 1931லேயே ஒரு வரி போட்டிருந்தார்கள், சொத்தில் 25 சதவீதம். பணக்காரர்கள் பணத்தை வெளியே கொண்டுபோகாமல் தடுப்பதற்காக வந்த வரி அது. பின்னால் நாஜிகள் அதையே உயிர் பிழைக்க ஓடுகிறவர்களைக் கறக்கும் கருவியாக ஆக்கிவிட்டார்கள். வரி கட்டிய பிறகு மிஞ்சுவதும் முடக்கப்பட்ட கணக்கில் போய் விழும். 1939 செப்டம்பர் வாக்கில் அதிலிருந்து 100 மார்க்கை வெளிநாட்டுக்கு மாற்றினால் 4 மார்க் மதிப்புதான் கையில் கிடைத்தது. பதிவு செல்லும் அப்பா, விற்பனை செல்லுமா? மிரட்டி வாங்கிய கைநாட்டு செல்லாது என்று நீங்கள் சொன்னதுதான் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். சின்னப் படம்தான், நீங்கள் பேப்பர் படிக்கும்போது விரித்துப் பிடிப்பீர்களே, அந்த அகலம் இருக்கும். ஆற்றங்கரை, இரண்டு படகு, மேகம் கவிந்த வானம். எங்கள் பதிவு அட்டையில் "1938, ஏலத்தில் வாங்கியது" என்று ஒரே வரி. விற்றவர் பெயர் இல்லை. படத்தைக் கழற்றிக் குப்புறப் படுக்க வைத்தோம். எங்கள் வேலையில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் முக்கியம். கித்தானை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் மேல் மூலையில் பாதி கிழிந்த ஒரு காகிதச் சீட்டு. அதற்குக் கீழே நீலச் சாக்குக்கட்டியில் 214 என்ற எண். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, சீட்டு உரிந்து போன இடத்தில் பசையின் தடத்துக்குள் ஒரு முத்திரையின் வளைவு தெரிந்தது. அன்றைக்கு முழுதும் அந்த வளைவை விதவிதமான வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்து ஏலப் பட்டியல்களை ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் ஆயிரக்கணக்கில் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. 1938ஆம் வருடப் பட்டியல்களில் 214ஆம் எண்ணைத் தேடிக்கொண்டே போனோம். பத்தொன்பதாவது பட்டியலில் கிடைத்தது: ஆற்றங்கரை, இரண்டு படகு, அதே அளவு. விற்பவர் பெயருக்குப் பதில் இரண்டு முதலெழுத்துகள் மட்டும். ஏலத்துக்கு நேரில் வந்த யாரோ ஒருவர் ஓரத்தில் பென்சிலால் பெயரை முழுசாக எழுதி வைத்த பிரதி இன்னொரு நூலகத்தில் இருந்தது. அவர் எதற்காக எழுதினாரோ, அந்தக் கைக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

பெயர் கிடைத்ததும் போட்ஸ்டாம் போனேன், இங்கிருந்து ரயிலில் பக்கம்தான். பறிமுதல் செய்யப்பட்ட சொத்துகளைக் கவனித்த நிதி அலுவலகத்தின் கோப்புகள் அங்கே ஆவணக் காப்பகத்தில் 40,000க்கு மேல் இருக்கின்றன. நாங்கள் தேடியவர் ஒரு மருத்துவர். 1933 ஏப்ரலிலேயே யூத மருத்துவர்கள் பலரைக் காப்பீட்டு நோயாளிகளைப் பார்க்கக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்கள், வருமானத்தில் பாதி அப்போதே போயிருக்கும். 1938இல் வரி கட்டப் பணம் வேண்டும் என்பதால் படங்களை ஏலத்துக்கு அனுப்புவதாக வரி அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதம் கோப்பில் இருக்கிறது. மகளை மட்டும் யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற ஓட்டிய ரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். அவரால் போக முடியவில்லை.

அதே கோப்பில் கடைசியாக ஒரு படிவம். 1942இல் யூதர்களைக் கிழக்கே நாடு கடத்துவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் உடைமைகளைத் தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும், 16 பக்கம். படுக்கை விரிப்பு எத்தனை, துண்டு எத்தனை, நாற்காலி எத்தனை என்று அச்சடித்த கட்டங்கள். அவர் ஒன்று விடாமல் நிரப்பியிருக்கிறார். கையெழுத்து கோணவே இல்லை. "ஓவியங்கள்" என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. காப்பகத்தில் எல்லோரும் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

அந்தக் கடிதங்களைப் படிக்கவே ஒரு வருடம் தனியாகக் கற்றுக்கொண்டேன். 1941 வரைக்கும் இங்கே பள்ளியில் சொல்லிக்கொடுத்த கையெழுத்து முறையே வேறு. இன்றைய ஜெர்மன்காரர்களில் பலருக்குத் தங்கள் பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. e என்ற எழுத்தும் n என்ற எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய கிரயப் பத்திரங்களில் சுழித்துச் சுழித்து எழுதிய எழுத்தை நீங்கள் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக் காட்டுவீர்களே, அந்தப் பொறுமைதான் இங்கே கைகொடுத்தது. இப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் தாத்தா போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவந்து படித்துக் கேட்கிறார்.

நான் நடந்து போகும் தெருக்களில் வீட்டு வாசல்களுக்கு முன்னால் நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். "இங்கே வாழ்ந்தார்" என்று ஆரம்பித்துப் பெயர், பிறந்த வருடம், எங்கே கொண்டுபோனார்கள் என்று நாலைந்து வரி. வந்த புதிதில் மிதித்துவிடுவேனோ என்று விலகி விலகி நடப்பேன். இப்போது நின்று படிக்கிறேன். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், தெருவிளக்கு வெளிச்சத்தில் அவை மட்டும் மின்னும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இங்கேயும் காலவரம்பு உண்டு, 30 வருடம் தாண்டினால் வழக்கு நிற்காது. ஆனால் 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி, இப்படிப் பறிக்கப்பட்ட கலைப்பொருள்களைத் தேடிக் கண்டுபிடித்து நியாயமான தீர்வு காண வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. சட்டக் கட்டாயம் இல்லை. மறு வருடமே ஜெர்மன் அரசும் மாநிலங்களும் நகராட்சிகளும் சேர்ந்து அதை ஏற்று அறிவித்தன. இதே பெர்லினில் 2006இல் கிர்ஷ்னர் என்ற ஜெர்மன் ஓவியர் வரைந்த புகழ்பெற்ற தெருக்காட்சி ஓவியம் ஒன்றை உரிமையாளரின் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. 2012இல் மியூனிக்கில் ஒரு முதியவரின் அடுக்குமாடி வீட்டில் 1,200க்கு மேற்பட்ட படங்கள் சிக்கின. அவர் அப்பா நாஜிகளுக்காகப் படம் வாங்கி விற்றவர். அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு ஆளும் பணமும் கூடின. மியூனிக்கில் சிக்கிய அந்தப் படங்களில், அத்தனை வருட ஆய்வில் கொள்ளை என்று நிரூபித்துத் திருப்பிக் கொடுக்க முடிந்தது 14 படம்தான். குறைவு என்று நினைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தேட வேண்டும் என்று தெரிந்த எனக்கு அந்த 14 பெரிதாகத்தான் படுகிறது.

நம் கோயில்களிலிருந்து திருடு போன சிலைகள் விஷயமும் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் இதே பாடம்தான். ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராஜர், வெகுகாலத்துக்கு முன்னாலேயே இந்தியாவை விட்டுப் போனவர் என்று காட்டும் தாள்களோடு வந்தார். தாள் போலி. 2014இல் திரும்பி வந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வாரைக் காட்டிக்கொடுத்தது பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கும் ஒரு புகைப்படம். 1957இல் அதே சிலை கும்பகோணம் பக்கத்துக் கோயிலில் நிற்கிறது. எதையும் நிரூபிக்க வேண்டும் என்று நினைத்து எடுத்த படம் இல்லை அது. யாரோ ஒழுங்காகத் தேதி போட்டு, ஊர் எழுதி, பத்திரமாக வைத்தார்கள், அவ்வளவுதான். தேதி போடாத காகிதம் எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று நீங்கள் சத்தம் போடுவதை நான் என் குழுவிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

தலைவரானதும் எனக்கு வந்த முதல் சங்கடமும் அந்த ஆற்றங்கரைப் படத்தால்தான். அடுத்த கண்காட்சியில் அதற்குக் கீழே வைக்கும் அட்டையில் "தனியார் சேகரிப்பிலிருந்து" என்று மட்டும் போட்டால் போதாதா, ஆய்வு இன்னும் முடியவில்லையே என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பார்க்க வருகிறவர்கள் மனம் கலங்குமே என்று கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுவோம், அழகான பொதுவார்த்தையால் இடைவெளியை மூட வேண்டாம் என்றேன். குரல் நடுங்கியது, ஜெர்மனில் வேற்றுமை உருபும் இரண்டு இடத்தில் தவறிவிட்டது. ஆனால் அட்டையில் இப்போது 1938 இருக்கிறது, ஏலம் இருக்கிறது, அந்த மருத்துவரின் பெயரும் இருக்கிறது.

"கண்டுபிடித்தால் உங்கள் மியூசியத்துக்குத்தானே நஷ்டம்?" என்று அம்மா கேட்டார்களாம். படம் போகலாம். குடும்பம் ஒத்துக்கொண்டால் ஈடு கொடுத்து வைத்துக்கொள்வதும் நடக்கிறது. எதுவானாலும் அவர்கள் முடிவுக்குப் பிறகுதான். அடுத்தவர் மனைக்கு வேலி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமா என்று அம்மாவிடம் கேளுங்கள், அவர்களே பதில் சொல்வார்கள்.

மருத்துவரின் மகள் இப்போது இல்லை. மகளின் மகன் இங்கிலாந்தில் இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர். முதல் கடிதம் எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பதில் நாலே நாளில் வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை நேரில் வருகிறார். முன்பக்கத்தைப் போட்டோவில் பார்த்துவிட்டாராம், பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். படத்தைத் திருப்பி வைத்து, மெத்தென்று துணி விரித்த மேசையும் இரண்டு நாற்காலியும் போடச் சொல்லியிருக்கிறேன்.

வியாழன் இரவு போன் செய்கிறேன்.

உங்கள் அன்பு மகள்